பந்தைத் திருப்பி எறிய முடியாத கேட்சர்

ஓய்வு பெற்ற பிறகு எனக்கு வரும் தொலைபேசி அழைப்புகளில் கணக்குப் பாடத்தைப் பற்றி யாரும் கேட்பதில்லை. டெக்ஸஸில், ஹூஸ்டனுக்குப் பக்கத்தில் கேட்டி என்ற ஊரில் ஒரு பொதுப் பள்ளியில் கணக்கு ஆசிரியராக இருந்தேன். சம்பளம் பெரும்பாலும் அதற்குத்தான். மாலை நேரங்களில் பேஸ்பால் அணிக்குத் துணைக் கோச். பழைய மாணவர்களுக்கு நினைவிருப்பது அந்த மாலைகள் மட்டுமே.

சென்ற மாதம் அழைத்தவர் என் இடத்துக்கு வந்திருக்கும் இளைஞர். இப்போதெல்லாம் கேட்சர் பந்து வீசுபவருக்கு விரலால் சைகை காட்டுவதில்லையாம். அணி உட்காரும் டக்அவுட்டில் இருந்துகொண்டு கோச் பொத்தானை அழுத்தினால், அடுத்து எந்தப் பந்து வேண்டும் என்பது கேட்சரின் மணிக்கட்டுப் பட்டையில் எண்ணாகத் தெரிகிறதாம். இதையெல்லாம் உற்சாகமாகச் சொல்லிவிட்டு, அழைத்த காரணத்துக்கு வந்தார். ஒரு பையனை அவன் ஆடும் இடத்திலிருந்து எடுக்க வேண்டும், எப்படிச் சொல்வது என்று கேட்டார்.

எனக்குத் தெரிந்த முறையைச் சொன்னேன். ஆனால் அந்த முறையை நான் பயன்படுத்திய ஒரு பையனின் கதையை அவரிடம் சொல்லவில்லை. தொலைபேசியில் சொல்லும் அளவுக்கு அது சிறியதில்லை. அதனால் எழுதுகிறேன்.

என் சொந்த ஊர் கோவில்பட்டி. கல்லூரி அணியில் விக்கெட் கீப்பராக இருந்தேன். ஹூஸ்டன் பக்கத்துப் பள்ளிகளில் கணக்கு ஆசிரியர்களுக்குப் பஞ்சம் வந்த காலத்தில், விசா கொடுத்து எங்களில் சிலரை அழைத்தார்கள். மனைவியோடும் மகளோடும் வந்து சேர்ந்தேன். என் வகுப்பறைக்கு அடுத்த அறையில் வரலாறு எடுத்தவர் டாசன். அவர்தான் பேஸ்பால் தலைமைக் கோச். ஒரு நாள் மதிய உணவின்போது கேட்டார் (அவர் பேசியதையெல்லாம் தமிழிலேயே தருகிறேன்): "நீ கிரிக்கெட் ஆடியிருக்கிறாயாமே. பந்தை நினைத்த இடத்துக்கு அடிக்க முடியுமா?"

அன்று மாலை மைதானத்தில் ஒரு மட்டையைக் கொடுத்து, தூரத்தில் நின்ற ஒரு பையனைக் காட்டி, "அவனுடைய இடது காலுக்கு" என்றார். அடித்தேன். "இப்போது வலது கால்." அதையும் அடித்தேன். மறுநாளிலிருந்து பையன்களுக்கு ஃபீல்டிங் பயிற்சிக்காகப் பந்து அடித்துக்கொடுப்பது என் வேலையாயிற்று. விளையாட்டின் விதிகள் அப்போது எனக்குத் தெரியாது. பேருந்தில் விதிப்புத்தகம் படித்தும், தப்பாகப் பேசும்போது பையன்கள் சிரித்ததை வைத்தும் கற்றுக்கொண்டேன். சில ஆண்டுகள் கழித்து டாசன் கேட்சர்களை என்னிடம் ஒப்படைத்தார். குந்தி உட்கார்ந்தே மதியம் முழுவதும் ஓட்டியவனுக்குத்தான் அந்த முழங்கால் வலி புரியும் என்பது அவர் கணக்கு.

டாசனைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். ஒல்லியான, உயரமான மனிதர். குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. தோற்ற நாளில் ஆட்டத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசமாட்டார். பையன்களோடு தானும் ஒரு பல்வாரியை எடுத்துக்கொண்டு மண்ணைச் சமன்படுத்துவார். பந்து வீசும் பிட்சர் நிற்கும் மண்மேட்டில் குழி விழுந்த இடத்தில் ஈரக் களிமண்ணை வைத்து இடிப்பார், தண்ணீர் தெளிப்பார், மேலே தார்ப்பாயை இழுத்து மூடுவார். பிறகு மறுநாள் பயிற்சி எத்தனை மணிக்கு என்று மட்டும் சொல்லி அனுப்பிவிடுவார். "தோற்ற அன்று பேசினால் நம் எரிச்சலைத்தான் பேசுவோம்" என்று ஒரு முறை என்னிடம் சொன்னார்.

ஒவ்வோர் ஆண்டும் அணித் தேர்வு முடிந்ததும், இடம் கிடைக்காத பையன்களை ஒவ்வொருவராக அழைத்துப் பேசுவார். மற்ற பள்ளிகளில் தேர்வானவர்களின் பெயர்களை இணையத்தில் போட்டுவிட்டுப் போய்விடுவார்கள். டாசனின் அறையில் இரண்டு நாற்காலிகள், மேசைக்கு ஒரே பக்கத்தில். நடுவில் எதுவும் இருக்காது. முதல் வாக்கியத்திலேயே முடிவைச் சொல்லிவிடுவார். அடுத்தது காரணம், ஒரே ஒரு காரணம், அது உண்மையாக இருக்க வேண்டும். அதன் பிறகு, இனி அவன் என்ன செய்யலாம் என்பது. அப்புறம் பேச்சை நிறுத்திவிடுவார். பையன் எழுந்திருக்கும்வரை அவர் எழுந்திருக்கமாட்டார். தோளில் தட்டமாட்டார்.

"முதலில் பாராட்டினால் அவன் சிரிப்பான்," என்றார். "அந்தச் சிரிப்போடு இருப்பவனைத்தான் அப்புறம் கீழே தள்ள வேண்டியிருக்கும்."

பல ஆண்டுகள் மூலையில் உட்கார்ந்து இதைப் பார்த்திருக்கிறேன். சில பையன்கள் அழுவார்கள். சிலர் நன்றி சொல்வார்கள். ஒருவன் எழுந்திருக்காமல் சுவரைப் பார்த்துக்கொண்டே இருந்தான். வெளியே பேருந்து கிளம்பும் சத்தம் கேட்டது. டாசன் அசையவில்லை. பிறகு அவரே அவனைத் தன் காரில் வீட்டில் கொண்டுபோய் விட்டார்.

இனி கவினைப் பற்றி. அவன் அப்பா செந்தில் ஈரோட்டுக்காரர், எரிவாயு நிறுவனத்தில் எஞ்சினியர். அம்மா கலைவாணி ஒரு மருந்துக்கடையில் ஃபார்மசிஸ்ட். பேர்லேண்ட் மீனாட்சி கோயிலில் பார்த்தால் கவின் என்னை "அங்கிள்" என்பான், மைதானத்தில் "கோச்". இரண்டையும் அவன் குழப்பிக்கொண்டதே இல்லை. பதினொன்றாம் வகுப்பு வந்தபோது அணியின் முதல் கேட்சர் அவன்தான். நான் பயிற்சி கொடுத்தவர்களில் அவனைப்போல் மென்மையான கை வேறு யாருக்கும் இருந்ததில்லை. பந்து அவன் கையுறைக்குள் விழும் சத்தத்தை வைத்தே, கண்ணை மூடிக்கொண்டு, கேட்சர் கவின் என்று சொல்லிவிடலாம்.

கிரிக்கெட் மட்டும் தெரிந்தவர்களுக்காகச் சொல்கிறேன். கேட்சர் என்பவர் விக்கெட் கீப்பர் மாதிரி. பிட்சர் என்பவர் பந்து வீசுபவர். ஒரு வித்தியாசம் உண்டு. கீப்பர் பிடித்த பந்து பலர் கை மாறி மெதுவாகத்தான் வீச்சாளரிடம் போகும். இங்கே கேட்சரே நேராகப் பிட்சருக்குத் திருப்பி எறிய வேண்டும், ஒவ்வொரு பந்துக்கும். யாரும் கவனிக்காத எறிதல் அது. சிறு குழந்தைகூடச் செய்யும்.

மார்ச் மாதத்தில் அவ்வளவு முக்கியமில்லாத ஓர் ஆட்டம். கவின் திருப்பி எறிந்த பந்து, பிட்சர் மார்கஸின் தலைக்கு மேலே போய்விட்டது. ரன் எடுக்கச் சுற்றிவர வேண்டிய பேஸ்களில் மூன்றாவதில் நின்ற எதிரணிப் பையன் ஓடிவந்து ரன் எடுத்தான். எல்லோரும் சிரித்தோம். கவினும் சிரித்தான்.

அடுத்த ஆட்டத்தில் பந்தை மெதுவாகத் தூக்கிப் போட்டான். அதற்கடுத்ததில் எறிவதற்கு முன் கை ஒரு முறை நின்று கிளம்பியது. பிறகு இரண்டு முறை. ஒரு பந்து மார்கஸின் காலுக்கு முன்னால் குத்தியது, இன்னொன்று புல்லில் உருண்டது. ஆனால் பந்து வீசப்படும்போதே எதிரணிக்காரன் இரண்டாம் பேஸைத் திருட ஓடினால், அதே கை அதைவிட இரண்டு மடங்கு தூரத்துக்குக் கோடு கிழித்த மாதிரி எறிந்தது. யோசிக்க நேரமில்லாத எறிதல் எல்லாம் சரியாக இருந்தது. நேரம் இருந்த எறிதல்தான் வரவில்லை. இதற்கு யிப்ஸ் என்று ஒரு பெயர் உண்டு. அந்தப் பெயரை எங்கள் டக்அவுட்டில் யாரும் சொல்லமாட்டார்கள்.

செந்தில் ஒரு மாலை பார்க்கிங்கில் என்னைப் பிடித்துக்கொண்டார். "எலும்பு டாக்டர், ஸ்கேன் எல்லாம் பாத்தாச்சுங்க சார். கையில ஒண்ணுமே இல்லீங்கறாங்க. அப்புறம் இது என்னங்க?"

"கையில இல்லைங்க. அதான் கஷ்டம்," என்றேன்.

என்னால் முடிந்ததையெல்லாம் செய்து பார்த்தேன். முட்டி போட்டு எறியச் சொன்னேன். கீப்பர் மாதிரி கீழ்க்கையாகப் போடச் சொன்னேன். மார்கஸின் கையுறையைப் பார்க்காமல் தொப்பியைப் பார்க்கச் சொன்னேன். ஒரு நாள் பயிற்சியில் அவனோடு ஏதோ சினிமாவைப் பற்றிப் பேசிக்கொண்டே இருந்தபோது, தொடர்ந்து சரியாக எறிந்துகொண்டே இருந்தான். "குட்" என்றேன். அடுத்த பந்து வேலியில் போய் மோதியது. அன்றிலிருந்து "குட்" சொல்வதை நிறுத்தினேன். நான் நிறுத்திவிட்டேன் என்பதை அவன் கவனித்துவிட்டான். அது அதைவிட மோசமாயிற்று.

ஏப்ரல் வருவதற்குள் எல்லா அணிகளுக்கும் தெரிந்துவிட்டது. கவின் பந்தைப் பிடித்து எழுந்ததும், எதிரணி டக்அவுட்டிலிருந்து "ஓ..." என்று மெல்லத் தொடங்கி, அவன் எறியும்வரை சத்தத்தை ஏற்றிக்கொண்டே போவார்கள். கவின் பாதி தூரம் நடந்துபோய்ப் போட்டுப் பார்த்தான். முகக்கவசமும் மார்க் கவசமுமாக டெக்ஸஸ் வெயிலில் ஒவ்வொரு பந்துக்கும் எழுந்து, நடந்து, திரும்பி வந்து குந்தி, நாலாவது இன்னிங்ஸுக்குள் அவன் முகம் வெளுத்துவிடும். மார்கஸ் மண்மேட்டில் நின்று தன் ஷூவைப் பார்த்துக்கொண்டிருப்பான்.

எங்கள் மைதானத்தில் பெற்றோர்கள் முறை வைத்துத் தின்பண்டக் கடை நடத்துவார்கள். நாச்சோ, ஹாட் டாக், குளிர்பானம். கலைவாணி எல்லா ஆட்டத்துக்கும் அந்த முறையை வாங்கிக்கொண்டார். ஏன் என்று கேட்டதற்கு, "இங்க நின்னா முதுகு அந்தப் பக்கம் இருக்குமுங்க சார்," என்றார். சீஸ் சட்டியைக் கிண்டிக்கொண்டே என்னைப் பார்க்காமல் சொன்னார்: "அவனை அந்த எடத்துல இருந்து எடுத்துருங்க. வீட்டுக்கு வந்தா பேசறதே இல்லீங்க. ஷவர்ல தண்ணி பாட்டுக்கு ஓடிட்டே இருக்கு, வெளிய வரமாட்டேங்கறான்."

செந்தில் அதற்கு நேர்மாறாக இருந்தார். "காலேஜ் கோச்சுங்க எல்லாம் வந்து பாக்கற வருசமுங்க சார். இப்ப எடுத்துட்டா அப்புறம் அவன் அவ்வளவுதான். கொஞ்சம் பொறுத்துப் பாருங்க."

இருவரும் சொன்னது சரிதான். நான் டாசனிடம் போனேன். அவர் மைதானத்து மண்ணைச் சமன்படுத்திக்கொண்டிருந்தார். கவினையே கேட்டுவிடலாமா என்றேன்.

"கூடாது," என்றார். "கேட்டால் ஆடுகிறேன் என்றுதான் சொல்வான். அந்த வயதில் வேறென்ன சொல்ல முடியும்? அப்புறம் நடப்பதெல்லாம் அவன் எடுத்த முடிவு ஆகிவிடும். முடிவு நம்முடையது."

"எப்போது?"

"அவன் கஷ்டப்படுவதற்காக எடுக்கமாட்டேன். கஷ்டப்பட அவனுக்கு உரிமை உண்டு. அவன் ஆட்டம் கெட்டால் எடுப்பேன். உன் கண் கேட்சர் மேல்தானே இருக்கிறது, நீ பார்த்துச் சொல்."

பார்த்தேன். எந்தப் பந்து வீச வேண்டும் என்று தீர்மானிப்பதை டாசன் கேட்சர்களிடமே விட்டிருந்தார். மார்கஸின் பலம் கடைசி நொடியில் தாழ்ந்து விழும் பந்து. அதைக் கேட்கும் சைகையைக் கவின் குறைத்துக்கொண்டே வந்தான். நேராக, நடுவில், பேட்டர் அடிப்பதற்கு வசதியான பந்தாகக் கேட்டான். முதலில் எனக்குப் புரியவில்லை. மூன்றாவது ஆட்டத்தில் புரிந்தது. பேட்டர் அடித்துவிட்டால், பந்தைத் திருப்பி எறியும் வேலை அவனுக்கு இல்லை.

மறுநாள் டாசனிடம் சொன்னேன். "சரி. உன் ஆள், நீயே சொல்," என்றார். தன் அறையைக் கொடுத்துவிட்டு வெளியே போய்விட்டார்.

கவின் வந்து பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தான். ஏதாவது நல்லதாக ஆரம்பிக்க வேண்டும் என்று நாக்கு துடித்தது. அடக்கிக்கொண்டேன்.

"கவின், நாளையில இருந்து நீ கேட்சர் இல்ல. லெஃப்ட் ஃபீல்டுக்குப் போற," என்றேன். "நடு பந்தாவே கேக்குற. பேட்டர் அடிக்கட்டும்னு கேக்குற. அதுல மார்கஸுக்கு அடி விழுது."

அதுவரை தரையைப் பார்த்துக்கொண்டிருந்தவன் நிமிர்ந்தான். "யூ நோட்டிஸ்ட் தட்?"

"ம். உன் கை நல்ல கை. தூரத்துல இருந்து எறி. அங்க உனக்கு நேரம் இருக்காது."

பிறகு நான் பேசவில்லை. அவன் தன் உள்ளங்கையில் காய்த்திருந்த இடத்தைத் தேய்த்துக்கொண்டிருந்தான்.

"டஸ் மார்கஸ் நோ?"

"நான் சொல்லல."

இன்னும் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தான். "ஓகே, கோச்," என்று எழுந்து போனான். போகும்போது கதவை மெதுவாகச் சாத்தினான். நான் அந்த நாற்காலியிலேயே இருந்தேன். எனக்கு எழுந்திருக்கத் தோன்றவில்லை.

அந்த வார இறுதியில் கோயில் உணவகத்தில் கலைவாணி என் மேசைக்கு வந்தார். முகம் தெளிந்திருந்தது. "இனிமே அவனை அங்க உக்கார வெக்க மாட்டீங்கல்லங்க சார்?" என்று கேட்டார். "வெக்க மாட்டோம்" என்றேன். அதை ஒரு வாக்காக நினைத்துத்தான் அவர் வாங்கிக்கொண்டார். நானும் அப்படித்தான் கொடுத்தேன்.

எல்லைப் பக்கத்து லெஃப்ட் ஃபீல்டில் கவின் நன்றாகவே ஆடினான். அங்கிருந்து அவன் எறிந்ததில் ஒன்றுகூடத் தவறவில்லை. பேட்டிங்கும் கூடியது. நாங்கள் பிளேஆஃப் ஆட்டங்களுக்குப் போனோம். இதற்கு மேல் பெரிதாக எதையும் எதிர்பார்க்க வேண்டாம். இரண்டாவது சுற்றில் தோற்றுவிட்டோம். கவின் கல்லூரியில் பேஸ்பால் ஆடவில்லை. ஆஸ்டினில் படித்துவிட்டு இப்போது அதன் பக்கத்து ரவுண்ட் ராக் நகரில் வேலை பார்க்கிறான். அந்த எறிதல் அவனுக்குத் திரும்பி வரவே இல்லை. நான் சொல்ல வந்தது முதல் சுற்றில், எங்கள் மைதானத்தில் நடந்த ஆட்டத்தின் கடைசி இன்னிங்ஸை.

ஒரு ரன் முன்னணியில் இருந்தோம். மூன்று பேரை அவுட்டாக்கினால் முடிந்தது. இன்னிங்ஸ் தொடங்கி முதல் பேட்டர் பின்பக்கம் உரசிவிட்ட பந்து, கவினுக்குப் பதிலாக வந்த கேட்சரின் வலது கை விரலில் பட்டு நகம் பிளந்துவிட்டது. ரத்தம் சொட்டச் சொட்ட வந்தான். இனி அவனால் பிடிக்க முடியாது. மிச்சம் இருந்தவன் ஒன்பதாம் வகுப்புப் பையன், அந்த வாரம்தான் பெரிய அணிக்கு வந்தவன். டாசன் அவனைப் பார்த்தார்.

அப்போது லெஃப்ட் ஃபீல்டிலிருந்து கவின் ஓடி வந்தான். யாரும் கூப்பிடவில்லை. வந்தவன் கீழே கிடந்த கால் கவசத்தை எடுத்தான்.

டாசன் என்னைப் பார்த்தார். "நீ சொல்," என்றார்.

நான் கவினை ஓரமாக அழைத்துப் போனேன். "திருப்பி எறியறது?"

"ஐ டோன்ட் நோ, கோச்." அந்த ஒன்பதாம் வகுப்புப் பையனை ஒரு பார்வை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினான். "பட் ஹி கான்ட் கேட்ச் மார்கஸ்."

மார்கஸின் தாழ்ந்து விழும் பந்தை அந்தச் சின்னப் பையனால் பிடிக்க முடியாது. பிடிக்க முடியாவிட்டால் மார்கஸ் அதை வீச மாட்டான். கவின் யோசித்தது அதைத்தான். அவன் தன்னைப் பற்றிப் பேசியிருந்தால் நான் மறுத்திருப்பேன் என்றுதான் நினைக்கிறேன். குனிந்து அவன் கால் கவசத்தின் பட்டையை நானே மாட்டிவிட்டேன்.

நிமிர்ந்தால் வேலிக்கு அந்தப் பக்கம் கலைவாணி. கையில் பிளாஸ்டிக் உறை, அதில் சீஸ் ஒட்டியிருந்தது. கடையிலிருந்து அப்படியே வந்திருக்கிறார்.

"சொன்னீங்களேங்க சார்," என்றார்.

"நான் வெக்கலைங்க. அவனா வந்துட்டான்."

அவர் திரும்பிப் போகவில்லை. வேலிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு அங்கேயே நின்றார்.

கவின் குந்தினான். முதல் சைகையே தாழ்ந்து விழும் பந்துக்கு. பந்து மண்ணில் குத்தி எழுந்தது, மார்பால் தடுத்து அடக்கினான். கையில் எடுத்துக்கொண்டு எழுந்தான். எதிரணி டக்அவுட் காத்திருந்த மாதிரி "ஓ..." என்று தொடங்கியது.

மார்கஸ் மண்மேட்டிலிருந்து இறங்கினான். ஏதோ பேசப் போகிறான் என்றுதான் நினைத்தேன். வேகமும் இல்லை, தயக்கமும் இல்லை. சாதாரணமாக நடந்து கவினுக்கு எதிரே வந்து கையுறையை நீட்டினான். கவின் பந்தை அதில் வைத்தான். மார்கஸ் திரும்பி நடந்துபோய் மேட்டில் ஏறி நின்றான். அடுத்த பந்து. மறுபடியும் இறங்கி வந்தான். அதற்கடுத்ததற்கும் வந்தான்.

எதிரணிக் கோச் வெளியே வந்து, இது நேரத்தை வீணடிப்பது என்று நடுவரிடம் சொன்னார். பந்து பிட்சரின் கைக்கு வந்த பிறகுதான் நேரக் கணக்கு என்று நடுவர் சொல்லிவிட்டார். "ஓ..." சத்தம் இரண்டு மூன்று பந்துகளுக்குத் தொடர்ந்தது. எறிதலே இல்லாதபோது எங்கே போய் முடிப்பது என்று தெரியாமல் அது தானாக நின்றுபோனது.

அது யார் கொடுத்த யோசனை என்று பிறகு மார்கஸிடம் கேட்டேன். யாரும் இல்லை என்றான். அப்படியானால் ஏப்ரலிலேயே ஏன் செய்யவில்லை என்றேன். "நீங்கள் எல்லோரும் அவனைச் சரி செய்துகொண்டிருந்தீர்கள், கோச். குறுக்கே வரக்கூடாது என்று நினைத்தேன்," என்றான். அத்தனை வாரங்களில் நாங்கள் மார்கஸிடம் ஒரு வார்த்தை பேசியிருக்கவில்லை.

அந்த முதல் பேட்டர் தட்டிய பந்து தரையோடு போய், அவனுக்கு முன்னே முதல் பேஸைச் சேர, அவுட்டானான். இரண்டாமவனுக்கு நாலு பந்துகள் இலக்கு தவறிவிட்டதால், விதிப்படி நடந்தே முதல் பேஸுக்குப் போனான். போனவன் உடனே இரண்டாம் பேஸைத் திருட ஓடினான். கவின் எழுந்ததையே நான் சரியாகப் பார்க்கவில்லை. பந்து போய்ச் சேர்ந்துவிட்டது. இரண்டு அவுட். வேலிப் பக்கத்திலிருந்து "கண்ணு" என்று மெல்லிய குரல் கேட்டது.

கடைசி பேட்டர் விடாப்பிடியாக நின்றான். அவுட் ஆகாமல் பந்துக்குப் பந்து கோட்டுக்கு வெளியே தட்டிவிட்டுக்கொண்டே இருந்தான். மார்கஸின் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. ஆனாலும் கவினின் கைக்குப் பந்து வந்தபோதெல்லாம் அவன் இறங்கி வந்தான். டாசன் டக்அவுட் கம்பியில் சாய்ந்து நின்றார். ஆட்டம் முழுவதும் எதையாவது மென்றுகொண்டிருக்கும் அவர் வாய் அசையவில்லை.

கவின் சைகை காட்டினான். என் இடத்திலிருந்து விரல்கள் தெரிந்தன. மறுபடியும் தாழ்ந்து விழும் பந்து. மார்கஸ் வீசினான். பேட்டர் முழு வீச்சில் சுழற்றினான். பந்து மட்டைக்குக் கீழே இறங்கி, தரைக்குச் சற்று மேலே, கவினின் கையுறைக்குள் போய் அமர்ந்தது. அந்தச் சத்தம் எனக்குத் தெரிந்த சத்தம்.

மூன்றாவது ஸ்ட்ரைக், மூன்றாவது அவுட், ஆட்டம் எங்களுடையது. பையன்கள் எல்லாத் திசையிலிருந்தும் கத்திக்கொண்டு ஓடினார்கள். மார்கஸ் மட்டும் அந்தப் பழக்கத்திலேயே கையுறையை நீட்டிக்கொண்டு நடந்து வந்துகொண்டிருந்தான். கவின் முகக்கவசத்தைத் தலைக்கு மேலே தள்ளிவிட்டு அவனையும் அந்தக் கையுறையையும் பார்த்தான். பிறகு பந்தைத் தன் பின்பாக்கெட்டில் போட்டுக்கொண்டான்.